அறுபது நாள் தவணை



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பற்றி நம் ஊரில் பேச்சு எழும்போது, "அவனுக்கென்ன, இன்னும் இரண்டு ஆண்டுக்கு விசா இருக்கிறது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடவுச்சீட்டில் ஒட்டிய தாளில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதி வரையில் அந்நாட்டில் வாழலாம் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் பிழையானது. வேலை இருக்கும் வரையில் இப்பிழையால் தீங்கு ஒன்றும் இல்லை. வேலை போன அன்றுதான் அது தன் உருவத்தைக் காட்டுகிறது.

'விசா' என்பது இலத்தீன் சொல். 'பார்வையிடப்பட்டது' என்பது அதன் பொருள். உம்முடைய தாள்களைத் தூதரகத்தார் பார்த்துவிட்டனர், நீர் வாசல் வரை வரலாம் என்பதற்கு அஃது ஓர் அடையாளம். தேர்வு எழுதப் போகும் மாணவன் கையிலுள்ள நுழைவுச் சீட்டைப் போன்றது. வாசலைக் கடந்தபின் எத்துணைக் காலம் உள்ளே இருக்கலாம் என்பதை ஐ-94 என்னும் வருகைப் பதிவு சொல்கிறது. அந்தப் பதிவுங்கூட, எந்த வேலையின் பொருட்டு வந்தாரோ அந்த வேலையைத் தூணாகக் கொண்டு நிற்பதாகும்.

நம் இளைஞர் பலர் அங்கே செல்லும் வழி எச்-1பி என்பது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. இதில் விண்ணப்பம் செய்பவர் வேலைக்குப் போகிறவர் அல்லர். வேலை கொடுக்கும் நிறுவனமே மனுதாரர். பொதுவாக மும்மூன்று ஆண்டுகளாக ஆறாண்டுகள் வரை இசைவு கிடைக்கும். ஆண்டுதோறும் புதியவர்களுக்கு 65,000 இடங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் உயர் பட்டம் பெற்றவர்க்கு மேலும் 20,000. கேட்போர் மிகுதியாதலால் குலுக்கல் வைத்துத் தேர்கிறார்கள். மனுவும் நிறுவனத்துடையது, இசைவும் நிறுவனத்தைச் சார்ந்தது என்றால், நிறுவனம் ஆளை விலக்கும் நாளில் அந்த இசைவு என்னாகும்?

முன்னாளில் அதற்குக் கடுமையான விடையே இருந்தது. வேலை முடிந்த அன்றே தகுதியும் முடிந்தது. மூட்டை கட்ட ஒரு நாளும் விதியில் இல்லை. 2017ஆம் ஆண்டு ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று 60 நாள் வரை தவணை அளித்தது. ஐ-94இன் தேதி அதற்கு முன்பே முடியுமானால், அந்தத் தேதியோடு தவணையும் முடியும். சனி, ஞாயிறு, பண்டிகை யாவும் இந்த அறுபதில் அடக்கம். வேலை முடிந்ததற்கு மறுநாள் கணக்குத் தொடங்குகிறது. விலக்கும்போது நிறுவனம் மொத்தமாகக் கொடுக்கும் தொகை இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடாக இருக்கலாம். அதனால் தவணை நீளும் என்று எண்ணுவது தவறு.

என்னிடம் கணக்குப் படித்த மாணவன் ஒருவன், டெக்சாஸ் மாநிலத்தில் மனைவியோடும் ஆறு வயதுப் பெண் குழந்தையோடும் வசித்து வந்தான். 2022ஆம் ஆண்டின் இறுதியில் கணினித் தொழிலில் பெரிய ஆட்குறைப்பு நடந்ததை நீங்கள் படித்திருக்கலாம். நவம்பர் 15ஆம் நாள் அவன் வேலையும் போயிற்று. மனைவியும் மகளும் அவனைச் சார்ந்த எச்-4 தகுதியில் இருந்தவர்கள். ஆகவே அவனுடைய தவணையே அவர்களுடைய தவணையும் ஆயிற்று. அறுபதாம் நாள் எது என்று எண்ணிப் பார்த்தான். ஜனவரி 14. நம் ஊரில் அன்று போகிப் பண்டிகை.

முதல் ஒன்பது நாள் அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. தந்தை தொலைபேசியில் அழைத்தபோதும் அலுவலகத்தில் இருப்பதாகவே பேசினான். வேலை போவதை ஒழுக்கக் குறைவுபோல் கருதும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தேர்வில் தோற்ற பையன் மதிப்பெண் அட்டையை மறைப்பதைப் பள்ளியில் நான் ஆண்டுதோறும் பார்த்தவன். அட்டையை மறைத்தவனுக்கு மறு தேர்வு உண்டு. இவனுக்கோ அறுபதில் ஒன்பது கழிந்துவிட்டது. பத்தாம் நாள் கல்லூரித் தோழர்களுக்கும் எனக்கும் கடிதம் எழுதினான். "ஐயா, நாள் கணக்கை நீங்களும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று அதில் கேட்டிருந்தான். சரிபார்க்க அமர்ந்தபோதுதான் அறுபது என்பது உண்மையில் அறுபதன்று என்பது எனக்கும் புலப்பட்டது.

அது எவ்வாறு? புதிய வேலை கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. தவணை முடியுமுன் புதிய நிறுவனத்தின் மனு அரசிடம் சேர்ந்திருக்க வேண்டும். மனுப் போடுவதற்கு முன், உரிய ஊதியம் தரப்படும் என்னும் நிறுவனத்தின் உறுதிமொழியைத் தொழிலாளர் துறை சான்றளிக்க வேண்டும். அதற்கு 7 வேலை நாட்கள் பிடிக்கும். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் குறுக்கிட்டால் அந்த ஏழு பத்துக்கு மேலாகிவிடும். வழக்கறிஞர் தாள்களைத் திரட்டவும் சில நாள் வேண்டும். இவற்றைக் கழித்தால், நேர்காணல் எல்லாம் முடிந்து நியமன உத்தரவு கைக்கு வர ஏறத்தாழ நாற்பது நாளே மிஞ்சுகிறது. அவன் கையில் இருந்ததோ அதிலும் ஒன்பது குறைந்த முப்பத்தொன்று.

அனுகூலமான செய்திகளும் உண்டு. ஒருமுறை குலுக்கலில் இடம் பெற்றவர், நிறுவனம் மாறும்போது பொதுவாக மீண்டும் குலுக்கலுக்குப் போகவேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய மனு உரிய காலத்தில் தாக்கலானதுமே, தீர்ப்புக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கலாம். வேலை கிடைக்கும் அறிகுறி இல்லாதவர், தவணைக்குள் வருகையாளர் தகுதிக்கு மாற்றம் கேட்டு மனுப் போடலாம். அது நிலுவையில் உள்ள காலத்தில் வேலை தேடுவதற்கும் தடையில்லை. ஆனால் ஊதியத்துக்காக ஒரு மணி நேரமும் உழைத்தல் கூடாது. வாடகைக்கார் ஓட்டி வீட்டு வாடகையைச் சமாளிக்கலாம் என்று யோசித்த ஒருவரை என் மாணவனே தடுத்திருக்கிறான்.

தவணை கடந்தும் ஒன்றும் செய்யாமல் தங்கிவிடுதல் யாவற்றிலும் கேடானது. சட்டத்துக்குப் புறம்பான தங்கல் 180 நாளைத் தாண்டியபின் வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் பத்தாண்டும் திரும்ப நுழைய முடியாது என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம்.

பிற நாடுகளில் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டை பற்றிய 2021ஆம் ஆண்டு ஆணைப்படி, அட்டை பெற்று ஈராண்டு ஆகாதவர் மூன்று மாதமும், ஆனவர் ஆறு மாதமும் வேலையின்றி இருந்தாலும் அதன்பொருட்டு அட்டை பறிக்கப்படுவதில்லை. செல்லும் நாட்டின் விதியைச் செல்லுமுன்பே படித்துக்கொள்வது கடினமன்று. ஆயினும் சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் கவனத்தில் பாதியும் இதற்குக் கிடைப்பதில்லை.

என் மாணவனுக்கு டிசம்பர் 22ஆம் நாள், அதாவது முப்பத்தேழாம் நாள், நியமன உத்தரவு வந்தது. வழி காட்டியவன் விடுதியில் அவனோடு ஓர் அறையில் இருந்த தோழன். தொழிலாளர் துறைச் சான்று ஜனவரி 6இல் கிடைத்தது. இடையில் சனி, ஞாயிறு வந்தன. ஜனவரி 9ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் நாளில், மனு சேர்ந்தது.

அவனோடு வேலையிழந்த பெண் ஒருவர் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டார். விலக்கிய நிறுவனம் தாயகம் திரும்பும் பயணச் செலவைத் தர வேண்டும் என்பது விதி, கேட்டுப் பெற்றுக்கொண்டார். குடும்பத்தார் பயணத்துக்கு அவ்விதி பொருந்தாது. ஆறாண்டில் அவர் பயன்படுத்தாத இரண்டாண்டுச் சொச்சம் வீணாகிவிடவில்லை. வேறு நிறுவனம் மனுப் போட்டால் குலுக்கலின்றி அதைப் பெற வழியுண்டு. 2025 செப்டம்பரில் வெளியான பிரகடனம் ஒன்று, நாட்டுக்கு வெளியே இருப்பவர்க்காகப் போடும் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. அவ்வம்மையார் இப்போது கோவையிலேயே ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறார். பழைய இசைவுத் தாளையும் சம்பளச் சீட்டுகளையும் ஓர் உறையிலிட்டுப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார்.