அஞ்சலட்டையில் அடைக்கப்பட்ட பெண்கள்

(பெண் உரிமை குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1851-ஆம் ஆண்டில் பாரிஸ் நீதிமன்றம் ஃபெலிக்ஸ் ஜாக் மூலேன் என்ற புகைப்படக் கலைஞருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஆபாசமான நிர்வாணப் படங்களை எடுத்து விற்றார் என்பது குற்றச்சாட்டு. 1856-இல் அதே மூலேன் பிரெஞ்சு அரசின் ஆதரவுடன் அல்ஜீரியா சென்றார். 1830 முதல் பிரான்ஸ் படையெடுத்துப் பிடித்துவந்த நாடு அது. அங்கு அவர் எடுத்த படங்களின் தொகுப்பு பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

மூலேனின் அல்ஜீரியத் தொகுப்பு ஆபாசத் தொகுப்பன்று. ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பின், 1900 முதல் 1930 வரையிலான காலத்தில், அதே மண்ணிலிருந்து வேறுவகைப் படங்கள் அஞ்சலட்டைகளாகப் பெருகின. மார்பு திறந்த நிலையில் அல்ஜீரியப் பெண்கள். கீழே 'காட்சிகளும் வகைமாதிரிகளும்' என்று அச்சிட்ட தலைப்பு. பாரிசில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் நிர்வாணப் படம் மறைவாகக் கைமாறிய காலத்தில், இந்த அட்டைகள் உறையின்றி, அஞ்சல்தலை ஒட்டப்பட்டு, நலம் விசாரிக்கும் நான்கு வரிகளுடன் கடல் கடந்து சென்றன. வெள்ளைப் பெண்ணின் உடல் ஆபாசம் எனப்பட்டது. அடிமைப்பட்ட நாட்டுப் பெண்ணின் உடல் இனவியல் தகவல் எனப்பட்டது.

அந்தத் தகவலும் பொய்யானது. அல்ஜீரியக் கவிஞர் மாலிக் அலூலா 1981-இல் வெளியிட்ட 'காலனிய அந்தப்புரம்' என்ற நூல் இவ்வட்டைகளை ஆராய்ந்தது. அல்ஜீரிய வீடுகளின் பெண்கள் பகுதிக்குள் புகைப்படக்காரர் நுழைய முடியவில்லை. எனவே ஸ்டூடியோவில் திரை கட்டி, ஹூக்காவையும் காப்பிக் கோப்பையையும் வைத்து, விளிம்புக்குத் தள்ளப்பட்ட ஏழைப் பெண்களைக் கூலிக்கு அமர்த்தி அந்தப்புரம் ஒன்றை அவர் கட்டியமைத்தார். சிறைப்பட்ட பெண் என்று காட்டச் சன்னல் கம்பிகளும் பொருத்தப்பட்டன. ஒரே பெண், ஒரே உடையில், ஓர் அட்டையில் பெதுவின் பெண்ணாகவும் மற்றொன்றில் கபில் பெண்ணாகவும் விற்கப்பட்டார். அவருடைய சொந்தப் பெயர் எதிலும் இல்லை.

கடந்தகாலச் சமூகத்தின் மனப்பாங்கை இவ்வட்டைகள் துல்லியமாகக் காட்டுகின்றன. கம்பிகளைப் பொருத்தியவனே அந்தப் பெண்ணை விடுவிக்க வந்தவனாகவும் வேடமிட்டான். 1958-இல், விடுதலைப் போரின் நடுவே, அல்ஜீரியப் பெண்களின் முக்காட்டைப் பொது மேடையில் அகற்றும் சடங்குகள் ஆட்சியாளர்களின் ஏற்பாட்டில் நடந்தன. 1960-இல் அடையாள அட்டைக்காகக் கிராமத்துப் பெண்கள் முக்காடின்றி ராணுவக் கேமராவின் முன் உட்காரவைக்கப்பட்டனர். அப்படங்களை எடுத்த பிரெஞ்சுப் படைவீரர் மார்க் கராஞ்சே பின்னர் அவற்றை வெளியிட்டார். அந்த முகங்களில் கோபம் எரிகிறது. ஸ்டூடியோ அட்டைகள் மறைத்த மறுப்பு அங்கே பதிவாகியுள்ளது.

இந்தியாவும் இத்தகைய ஓர் அளவுகோலை ஆங்கிலேயரிடமிருந்து பெற்றது. ஒரு படைப்பு, தீய தாக்கத்துக்கு ஆட்படக்கூடியவரின் மனத்தைக் கெடுக்குமா என்பதே 1868-ஆம் ஆண்டு ஹிக்ளின் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் வகுத்த சோதனை. அதை இந்திய உச்ச நீதிமன்றம் 1964-இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் ஏற்றது. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் கைவிட்டு, சமகாலச் சமுதாய அளவுகோலை ஏற்றது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். எனினும் இரண்டு சோதனைகளும் பார்ப்பவரைப் பற்றியே கேட்கின்றன. படத்தில் இருக்கும் பெண் எந்த நிலையில் கேமராவின் முன் நின்றார், சம்மதித்தாரா, கூலி பெற்றாரா, படத்தின் மீது அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விகள் ஆபாசச் சட்டத்தின் மையத்துக்கு வரவில்லை.

கலாச்சாரக் காவலர்கள் உடலை மூடச் சொல்கிறார்கள். சந்தை அதைத் திறந்து விற்கிறது. இருவரும் அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்பதில்லை. நிர்வாணத்தைக் கண்டு பதறுவது இடதுசாரிகளின் வேலையன்று. அந்தப் படத்துக்குப் பின்னால் உள்ள வறுமையையும் கட்டாயத்தையும் லாபத்தையும் அம்பலப்படுத்துவதே வேலை. சம்மதமின்றி எடுக்கப்பட்ட பெண்களின் படங்கள் இன்று கைப்பேசிகளில் நொடியில் பரவுகின்றன. பாதிக்கப்பட்ட பெண்ணிடமே “ஏன் நின்றாய்?” என்று கேட்கும் சமூகம், எடுத்தவனையும் பரப்பியவனையும் அதனால் பணம் ஈட்டும் நிறுவனத்தையும் கேள்வி கேட்கும்படி செய்ய வேண்டும். பெயர் மறைக்கப்பட்ட அந்த அல்ஜீரியப் பெண்களுக்கு வரலாறு பட்டிருக்கும் கடன் அது.