சி டிரைவ் நிரம்பினால் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர இயலாத சிலர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



தலைவர் என்னைப் பேசச் சொன்னபோது, "சார், நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். முடித்த பேங்க் கிளார்க்" என்றேன். "அடிபட்டவர் நீங்கள்தானே, நீங்களே பேசுங்கள்" என்றார். அதனால் அந்த அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் லேப்டாப்பில் இடம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. சி டிரைவ் கோடு சிவப்பாகிவிட்டது. லீவுக்கு வந்த பேரன், "குடுங்க தாத்தா, அஞ்சு நிமிஷத்துல சரி பண்றேன்" என்று வாங்கினான். 40 ஜிபி காலியானது. எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு வாரம் கழித்து, செந்துறைப் பக்கத்து நிலம் சம்பந்தமாக வக்கீல் பழைய காகிதங்களைக் கேட்டார். தேடினால் ஒன்றும் இல்லை. பேரனுக்குப் போன் போட்டேன். "திருச்சி மாவட்டம்னு ஒரு ஃபோல்டர், பெரம்பலூர் மாவட்டம்னு ஒண்ணு, அரியலூர்னு ஒண்ணு. மூணுலயும் அதே ஊர் பேரு தாத்தா. டூப்ளிகேட்னு நெனச்சு அரியலூரை மட்டும் வெச்சேன்" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 1995 வரை நாம் திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் அரியலூர் தனியானது, 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007-ல் திரும்பத் தனியானது. ஒரே வயலுக்கு மூன்று மாவட்டப் பெயரில் காகிதம் இருப்பது நமக்குச் சாதாரணம். வெளியூரில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பதிவான பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிவிட்டேன். என் அப்பா கைப்பட எழுதிய பாகக் குறிப்புக்கு நகல் கிடையாது. கரையான் அரித்தது போக மிச்சத்தைத்தான் ஸ்கேன் எடுத்திருந்தேன்.

ரீசைக்கிள் பின்னையும் அவன் காலி செய்திருந்தான். திருச்சியில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன், வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் ஃபைலை அழித்தால், அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை விஷயம் உள்ளேயே இருக்கும். அதனால் தவறி அழித்துவிட்டால் உடனே கம்ப்யூட்டரை நிறுத்திவிட வேண்டும். எஸ்எஸ்டி அப்படியல்ல. அழித்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸே அதற்குத் தகவல் கொடுத்துவிடும், அதுவும் சுத்தமாகத் துடைத்துவிடும். மீட்பது அபூர்வம்.

வங்கியில் பழைய வவுச்சரை யாரும் இஷ்டத்துக்குக் கிழிக்க முடியாது. 1985-ஆம் ஆண்டு விதிப்படி சில பதிவேடுகளை 5 ஆண்டு, சிலவற்றை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி வேலை பார்த்தவன், வீட்டில் மட்டும் ஐந்து நிமிஷத்தில் முடிக்க விட்டுவிட்டேன்.

சரி, வழிக்கு வருவோம். முதலில் எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். எந்த வகை எத்தனை ஜிபி என்று அதுவே காட்டும். 256 ஜிபி என்று வாங்கியது 238 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

அங்கேயே 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று இருக்கும். அதில் தற்காலிக ஃபைல், அப்டேட் மிச்சம், சிறுபடங்கள் ஆகியவற்றைத் தைரியமாக டிக் செய்து நீக்கலாம். பழைய விண்டோஸ் பதிப்பு என்று பல ஜிபி காட்டினால், புதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பின் நீக்குங்கள். நீக்கினால் பழையதற்குத் திரும்ப முடியாது. பெரும்பாலும் 10 நாளில் அதுவே போய்விடும். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அதை மட்டும் டிக் செய்யாதீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு வில்லங்கச் சான்று, பென்ஷன் ஸ்லிப், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அங்கேதான் கிடக்கிறது. அதைத் திறந்து, அளவுப்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பார்த்து அழியுங்கள். வாட்ஸ்அப் 'காலை வணக்கம்' படங்களுக்கு என் அனுமதி தேவையில்லை.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் கை வைக்க வேண்டாம். வேண்டாத புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், அதன் ஃபோல்டரை அழிக்காதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று வரும் தனி சாஃப்ட்வேர்களும் தேவையில்லை. உலகமெங்கும் பிரபலமான சிகிளீனரிலேயே 2017-ல் திருட்டு நிரல் நுழைந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டே கூட 2018 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் 10 அப்டேட்டைச் சில நாளில் நிறுத்திவைத்தது. சிலருடைய சொந்த ஃபைல்களை அது அழித்துவிட்டது. ஆக, பெரிய அப்டேட்டுக்கு முன்னும் ஒரு நகல் வேண்டும்.

போட்டோ, வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போது 'கட்' வேண்டாம், 'காப்பி' செய்யுங்கள். நாலைந்தைத் திறந்து பார்த்து, பிறகு இங்கே அழியுங்கள். நிலம், படிப்பு, பென்ஷன் காகிதங்களுக்கு இரண்டு இடத்தில் நகல் இருக்கட்டும். ஒன்டிரைவில் இருப்பதை இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும், ஜாக்கிரதை. ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் இங்கே இடம் கிடைக்கும், அங்கே ஃபைல் இருக்கும்.

பேரன் பிறகு ஒரு வேலை செய்தான். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பெயரோடு 'அழிக்காதே, தாத்தாவைக் கேள்' என்று சேர்த்துவிட்டான்.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு சங்க அறைக்கு லேப்டாப்பைக் கொண்டுவாருங்கள். சார்ஜரையும் சேர்த்து.