ஓய்வுக்கு ஏற்ற ஊர் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு முழத் தண்டவாளமும் இல்லாத இந்த ஹேவ்லாக் தீவிலே, ரயில்வே குமாஸ்தா ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் நான் படித்தவன் அல்லன். ஆயினும் ஓய்வு பெறுகின்றவர்களின் காகிதங்கள் என் மேஜையைக் கடந்துதான் செல்கின்றன. கையொப்பமிட்டு முடித்தபின், "இனி எந்த ஊரில் போய் இருப்பது, அப்பா?" என்று என்னையே கேட்கின்றவர் பலர். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

இத்தீவின் வரலாறே இக்கேள்விக்கு ஒரு முன்னுரையாகும். 1950-களில் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்த குடும்பங்களுக்கு அரசினர் இங்கே நிலம் அளித்தனர். கோவிந்த நகர், விஜய நகர், சியாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்னும் ஊர்கள் அவ்வாறு வளர்ந்தவை. 2018-ஆம் ஆண்டு இத்தீவுக்கு ஸ்வராஜ் துவீப் என்று பெயர் மாறிற்று. நம் நாவில் இன்னும் ஹேவ்லாக்தான். அந்த வங்காளக் குடும்பங்களுக்குத் திரும்பிச் செல்லும் வழி அடைபட்டிருந்தது. ஆகவே அவர்கள் இதையே ஊராக்கிக் கொண்டனர். தமிழர்களாகிய நம்மில் பெரும்பாலோருக்கோ வழி திறந்தே இருக்கின்றது. அதுவே நமக்கு வாய்த்த பாக்கியம். அதுவே நம் மனக்குழப்பத்துக்கும் காரணம். இருபது முப்பது ஆண்டு இங்கே உழைத்தும், "இது தற்காலிகம், ஊருக்குப் போய்விடுவோம்" என்ற எண்ணத்திலேயே பலர் வாழ்கின்றனர். எப்போது, எந்த ஊருக்கு, எவ்வளவு பணத்தோடு என்று மட்டும் கணக்கிடுவதில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இத்தீவுக் கூட்டத்தில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேருக்குத் தமிழே தாய்மொழி. அவர்களுள்ளும் எல்லாருக்கும் சொந்த ஊர் உண்டு என்று கூறிவிட முடியாது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய சில குடும்பங்கள் கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டத்திலே குடியமர்த்தப்பட்டன. அவர்களுக்கு ஊர் என்பது பாட்டனார் சொன்ன ஒரு பெயர் மட்டுமே. ஆதலால் பிறந்த ஊர் என்ற ஒன்றை மட்டும் வைத்து இக்கேள்விக்கு விடை காண இயலாது.

முதலில், இங்கேயே தங்கிவிடலாமா என்று பார்ப்போம். காற்று நல்லது, அண்டை அயலார் பழகியவர்கள், பலருக்குப் பிள்ளைகளின் பிழைப்பும் இங்கேதான். இவையெல்லாம் பெரிய செல்வங்களே. ஆனால் வெங்காயமும் பருப்பும் கப்பலேறி வருகின்றன. அவற்றின் விலையோடு கப்பற்கூலியும் ஏறுகின்றது. 2004-ஆம் ஆண்டு டைம் பத்திரிகை ராதாநகர்க் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்ததெனப் போற்றியது. பயணிகள் பெருகினர்; கடைக்காரருக்கு வியாபாரம் பெருகிற்று; வாடகைக்கு இருப்பவருக்கோ வாடகையும் பெருகிற்று. உழைக்கும் வயதில் நமக்கு வருவாய் தந்த அதே காரணம், உழைப்பு ஓய்ந்த வயதில் செலவாகத் திரும்பி வருகின்றது.

அதைவிடப் பெரிது வைத்தியம். இங்கே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கின்றது. அதற்கு மேற்பட்ட நோய்க்குக் கடல் கடந்து தலைநகரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புயல் சின்னம் தோன்றினால் படகு நிற்கும். நெஞ்சுவலியோ வானிலை அறிக்கையைப் பார்த்து வருவதில்லை. ஆகவே இருதயம், சிறுநீரகம் இவற்றில் தொல்லை உள்ளவர்கள் இத்தீவிலேயே முதுமையைக் கழிக்க எண்ணுவது துணிவன்று, அது ஆபத்து.

இனி இரண்டாவது வழி. பிறந்த கிராமத்திலே வீடு கட்டிக் குடியேறுவது. "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம்மவர் பழமொழி. அது மெய்தான். ஆனால் எலி தன் கையிலுள்ள தானியம் அனைத்தையும் விற்று வளை தோண்டுவதில்லை! எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், வெளியூரில் நடத்திய கடையை விற்று, வந்த பணம் முழுவதையும் போட்டுத் தம் கிராமத்தில் மாடியோடு வீடு எழுப்பினார். கிரகப்பிரவேசத்துக்கு ஊரே வந்து வாழ்த்திற்று. ஓராண்டுக்குள் அவருடைய மனைவியாருக்குச் சிறுநீரக நோய் கண்டது. வாரம் இருமுறை நாற்பது மைல் தொலைவிலுள்ள பட்டணத்துக்குப் போய்வர வேண்டியதாயிற்று. வாடகைக் காருக்குக் கொடுக்கப் பணமில்லை. மாடி வீட்டை அந்தக் கிராமத்தில் வாங்குவாரும் இல்லை. வீடு இருந்தது, வாழ வழி இல்லை. நண்பர்களே! செங்கல்லாக மாறிய பணம் அவசரத்துக்கு உதவாது.

இதைக் கணக்கிலே காட்டுகின்றேன். உதாரணமாக, ஒருவர் தம் வாழ்நாள் உழைப்பால் 20 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறார் என்று கொள்வோம். முழுவதையும் வீட்டில் போட்டால் மாத வருமானம் பூஜ்யம். 15 லட்சத்தைத் தபாலாபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வைத்தால் என்ன ஆகும்? அறுபது வயது நிரம்பியவர்கள் அதில் சேரலாம். ஒருவர் 30 லட்சம் வரை வைக்கலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 விழுக்காடாக ஆக்கப்பட்டது. அரசினர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை ஆராய்வர். எனினும் நாம் பணம் வைத்த நாளில் உள்ள விகிதமே ஐந்தாண்டுக்கும் நிற்கும். 8.2 விழுக்காட்டில் 15 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 1,23,000 ரூபாய். அதாவது மாதம் 10,250 ரூபாய். மீதி 5 லட்சம் வைத்தியத்துக்கும் அவசரத்துக்கும் கையிருப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் விலைகள் இரட்டிப்பாகும். அறுபது வயதில் 10,000 ரூபாய்க்கு நடந்த குடும்பத்துக்கு எழுபத்திரண்டாம் வயதில் 20,000 ரூபாய் வேண்டும். வட்டியோ தானாக ஏறாது. ஆகவே வருகிற வட்டி முழுவதையும் செலவு செய்யக்கூடிய ஊர், நமக்குக் கட்டுப்படியாகும் ஊர் அன்று. தொடக்க ஆண்டுகளில் நாலில் ஒரு பங்கேனும் மிச்சப்படக்கூடிய ஊரே கட்டுப்படியாகும் ஊர். இந்த அளவுகோலை மறவாதீர்கள்.

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி ஊரின் ஜனத்தொகையைக் கொண்டு மூன்று தரமாக வகுக்கப்பட்டிருக்கின்றது. 2024 ஜனவரி முதல் அது 30, 20, 10 விழுக்காடு என்றாயிற்று. சென்னை முதல் தரம். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு இரண்டாந் தரம். தஞ்சாவூர், திருநெல்வேலி முதலியன மூன்றாந் தரம். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் பெறுபவருக்குச் சென்னையில் 12,000 ரூபாய் வாடகைப்படி. தஞ்சாவூரில் 4,000 ரூபாய். ஓய்வு பெற்ற மறுநாளோ இந்த வேற்றுமை மறைந்துவிடும். ஓய்வூதியத்துக்கு வாடகைப்படி கிடையாது. தீவுச் சிறப்புப்படியும் நின்றுவிடும். சென்னையில் இருந்தாலும் தஞ்சாவூரில் இருந்தாலும் வருவது ஒரே தொகைதான். ஆகையால் பெரிய பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பது லாபம். சிறிய பட்டணத்தில் ஓய்வு பெறுவது லாபம். "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பது இதுதான்.

எனவே கிராமத்துக்கும் பெரும் பட்டணத்துக்கும் இடைப்பட்ட ஒரு நடுத்தர ஊரே நம் போன்றவர்களுக்குத் தக்கது என்பது என் கருத்து. சில ஊர்களை எடுத்துப் பார்ப்போம்.

சென்னைக்கு நமக்கொரு தனி உறவு உண்டு. கப்பலும் விமானமும் அங்கிருந்து இங்கே வருகின்றன; பிள்ளைகள் வந்து போக வசதி. பெரிய மருத்துவமனைகள் பல உள்ளன. ஆனால் நகரின் நடுவே வாடகை கொடுக்க நம்மால் ஆகாது. மின்சார ரயில் ஓடும் செங்கற்பட்டு, அரக்கோணம் போன்ற இடங்களைக் கருதலாம். ரயிற்கட்டணம் குறைவு, வேண்டும்போது பட்டணம் போய் மாலையில் திரும்பலாம்.

திருச்சிராப்பள்ளி தமிழ்நாட்டின் நடு மையம். எத்திசைக்கும் ரயில் உண்டு. விமான நிலையமும் உண்டு. காவிரி நீரும் உண்டு. பொன்மலையில் ரயில்வே மருத்துவமனை இருப்பதால் என் இலாகாவில் ஓய்வு பெற்றவர்கள் பலர் அதன் சுற்றுப்புறத்தையே நாடுகின்றனர். மதுரையில் அரசினர் இராசாசி மருத்துவமனை இருக்கின்றது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அங்கேதான்; இல்லாதவரிடம் பணம் கேளாமல் கண்ணொளி தரும் இடம் அது. முதுமையில் கண்புரை யாரை விட்டது? திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தாமிரபரணிக் கரையில் அமைந்தவை; மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு; தென்மாவட்டத்தாருக்கு உறவினர் அருகில் இருப்பர். தஞ்சாவூரும் அத்தகையதே. கடல் கடக்க மனமில்லாதவர்கள், பிள்ளைகளை விட்டுப் பிரிய இயலாதவர்கள், நம் தலைநகருக்கே சென்று குடியிருக்கலாம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேரில் 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் நடந்து வருகின்றது.

எந்த ஊரானாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஆட்டோவில் அரைமணி நேரத்துக்குள் நல்ல மருத்துவமனை உண்டா? வீட்டிலிருந்து கடைக்கும் கோவிலுக்கும் நடந்து போக முடியுமா? கோடையில் குடிநீர் வருமா? நள்ளிரவில் கதவைத் தட்டி உதவி கேட்க ஒருவரேனும் உண்டா? மாதச் செலவு போக மிச்சம் நிற்குமா? இந்த ஐந்தில் நான்குக்கு "ஆம்" என்று விடை வந்தால் அவ்வூரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முதற்கேள்விக்கு "இல்லை" என்று விடை வந்தால் மற்ற நான்கையும் பார்க்க வேண்டாம்.

வீடு வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் அவ்வூரிலே கண்டபின் முடிவு செய்யுங்கள். "இக்கரைக்கு அக்கரை பச்சை" என்பது தீவில் வாழும் நமக்கென்றே சொன்ன பழமொழி போலும்.

தாய்மார்களின் பக்கம் திரும்பி ஒன்று சொல்ல விரும்புகின்றேன். ஊரைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் கணவர். அவ்வூரில் தனித்து நெடுங்காலம் வாழ நேர்பவர் பெரும்பாலும் மனைவி. கணவர் தம் பால்ய நண்பர்களை எண்ணி ஊரை முடிவு செய்கின்றார். அவர் கண்ணை மூடியபின் அந்த நண்பர்கள் அந்த அம்மையாருக்கு யார்? ஆகவே முடிவு செய்யும் நாளில் அவருடைய சொல்லே பெரிதாக நிற்கட்டும். வங்கிக் கணக்கிலும் தபாலாபீசுக் கணக்கிலும் அவர் பெயரும் இருக்கட்டும். வாரிசு நியமனம் எழுதப்பட்டிருக்கட்டும். ஓய்வூதியக் காகிதத்தில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பிழையின்றி உள்ளனவா என்று இன்றே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக விதவையொருத்தி மாதக்கணக்கில் அலுவலகப் படியேறுவதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் காட்சி உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

எழுபது வயது நிறைந்தவர் எவராயினும், வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்கு உதவும் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றது. அந்த அட்டையைப் புறப்படுமுன் பெற்றுக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக்குட்பட்ட இளைஞர்களே! நீங்கள் கடையிலோ படகிலோ உழைப்பவர்களாயின், 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம் உங்களுக்கு உரியது. அறுபதாம் வயது முதல் மாதம் ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை அது தரும். நாற்பது கடந்துவிட்டால் அதன் கதவு அடைபட்டுவிடும்.

இறுதியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இங்கிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் எந்த ஊரில் இருக்கின்றன, வாடகை எவ்வளவு, வைத்தியம் எங்கே, தண்ணீர் எப்படி என்று கடிதம் எழுதிக் கேட்டு, ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். போனவரின் அனுபவம் போகப்போகிறவருக்கு வழித்துணையாகும். ஒரே ஊரில் நாலைந்து தீவுக் குடும்பங்கள் அருகருகே அமர்ந்தால், நள்ளிரவில் தட்டுவதற்கு ஒரு கதவு கிடைக்கும். அந்தக் கதவை எந்தப் பணமும் வாங்கித் தராது; ஒரு சங்கம் வாங்கித் தர முடியும்.