நினைவட்டை வாங்குமுன்

மாங்கேணியில் ஒரு கலியாண வீட்டை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். வாழைச்சேனையிலிருந்து வாகரை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய கடற்கரைக் கிராமம் அது. பந்தலில் தாலி கட்டும் வேளை நெருங்குகின்றது. கமராவை ஏந்தியபடி ஓர் இளைஞன் நிற்கின்றான். வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் சில காலம் பயன்படுத்தியபின் அனுப்பிவைத்த கமரா அது. அதன் வயிற்றினுள்ளே ஏறக்குறைய ஒரு தபால் முத்திரையளவான தகடு ஒன்று இருக்கின்றது. அன்றைய காட்சிகள் அனைத்தும் அந்தத் தகட்டிலேதான் தங்கவேண்டும். அது கைவிட்டுவிட்டால், படத்துக்காக மற்றொரு முறை தாலி கட்டச் சொல்ல இயலுமா?

அத்தகட்டுக்கு நினைவட்டை என்று பெயர். கடைத்தெருவில் மெமரிக் கார்டு என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கமராவைத் தெரிவுசெய்யப் பல நாள் விசாரிப்பவரும் அட்டையை மட்டும் கடைக்காரர் நீட்டியதை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு போய்விடுவதுண்டு.

படம் இழப்பது இன்னதென்று கிழக்குக் கரையோர மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, வீடுகளோடு அல்பங்களும் போயின. 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் போரினால் வாகரைப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். கையில் எடுத்தது போக எஞ்சியவை வீட்டோடு நின்றன. இறந்துபோன அம்மம்மாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஓர் அடையாள அட்டைப் படங்கூட மிஞ்சாத குடும்பங்கள் உண்டு. ஆயினும் பழைய காலத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. பிலிமில் எடுத்த படமாயின், அதன் நெகட்டிவ் பட்டினத்து ஸ்ரூடியோவின் பெட்டியொன்றில் கிடந்திருக்கக்கூடும். நினைவட்டைக்கு அத்தகைய நிழல் கிடையாது. அடுத்த வீட்டு விசேஷத்துக்காக அது அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகின்றது.

அட்டையினுள் நிகழ்வது யாது? ஜப்பானிய நாட்டின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூஜியோ மசுவோக்கா என்னும் பொறியியலாளர் 1980 களில் வகுத்த ‘பிளாஷ்’ நினைவகமே இதன் உயிர்நாடி. மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட மிகச் சிறிய அறைகளில் மின்னேற்றம் சிறைவைக்கப்படுகின்றது. மின்சாரத்தை நிறுத்தினாலும் சிறையிருப்பு நீங்குவதில்லை. ஆகவே படம் நிற்கின்றது. இன்று பெரும்பாலான கமராக்களில் செல்லும் எஸ்.டி. அட்டையை, 1999 ஆம் ஆண்டில் தோஷிபா, மத்சுஷிதா, சான்டிஸ்க் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி அறிவித்தன.

வாங்கச் செல்பவர் முதலிற் பார்க்கவேண்டியது அட்டையை அன்று, தம்முடைய கமராவை. உறவினர் அனுப்பும் பழைய கருவிகள் மிகுந்த நம் பகுதிக்கு இது முக்கியம். தொடக்கத்தில் வந்த எஸ்.டி. அட்டை 2 ஜிகாபைட் வரை கொள்வது. 2006 இல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 ஜிகாபைட் வரையும், 2009 இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கு மேலும் கொள்வன. வடிவத்தில் மூன்றும் ஒன்றே. ஆகையால் எந்தத் துளையிலும் நுழைந்துவிடும். ஆனால் பழைய கமரா புதிய அட்டையைப் படிக்கத் தெரியாமல் விழிக்கும். புதிய கமராவுக்கோ பழைய அட்டை தடையில்லை. கமராவின் கையேடு தொலைந்திருந்தால், அட்டைத் துளையின் அருகே பொறித்துள்ள குறியைப் பார்க்கலாம். எல்லாவற்றினும் எளிது, கமராவையே கடைக்குக் கொண்டுசென்று அங்கேயே இட்டுப் பார்ப்பது.

அடுத்தது வேகம். அட்டையின் முகத்தில் பெரிய எழுத்தில் 100 என்றோ 170 என்றோ காணப்படும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். அதாவது படங்களைக் கணினிக்கு மாற்றும்போது கிடைக்கக்கூடிய உச்ச வேகம். படம் எடுக்கும்போது வேண்டுவது எழுதும் வேகம். அதிலும் இடைவிடாது குறையாமல் நிற்கும் வேகம். அதற்குரிய குறிகள் சிறியனவாக மூலையில் இருக்கும். வட்டம்போன்ற சி எழுத்தினுள் 10 என்றிருந்தால் விநாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது. யு எழுத்தினுள் 3 என்றிருந்தால், அல்லது வி எழுத்தை அடுத்து 30 என்றிருந்தால், 30 மெகாபைட்டுக்குக் குறையாது. நின்ற படங்கள் மட்டும் எடுப்பவருக்கு முன்னையதே போதும். ‘போர் கே’ எனப்படும் நுண்தெளிவு வீடியோ எடுப்பவர் பின்னையதை நாடவேண்டும். சில அட்டைகளின் பின்புறத்தில் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். அவற்றின் விலை மிகவும் அதிகம். ஒரே வரிசையை மட்டும் தொடும் கமராவில் அவற்றை இட்டால், வேலை நடக்கும். கொடுத்த பணத்துக்குரிய வேகம் கிடைக்காது.

இனி, இந்தப் பேச்சில் நின்று கேட்கவேண்டிய இடம் வருகின்றது. போலி அட்டை!

அட்டையினுள் சேமிப்பு அறைகளோடு, அவற்றை ஆளும் சிறு சில்லு ஒன்றும் உண்டு. உன் கொள்ளளவு எவ்வளவு என்று கமரா கேட்க, அந்தச் சில்லுதான் விடை கூறும். போலி செய்பவர், 8 ஜிகாபைட் மட்டுமே கொள்ளும் அட்டையின் சில்லுக்கு 64 என்று பொய் சொல்லக் கற்பித்துவிடுகின்றார். மேலே அழகிய பெயரும் அச்சிடப்படுகின்றது. நான்கு மரைக்கால் நெல் கொள்ளும் சாக்கில் பதினாறு மரைக்கால் என்று எழுதினால், அளக்கும்போதே நெல் சிந்திக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த அட்டையில் சிந்துவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கமரா படத்தை எடுத்துக்கொண்டே போகும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். உண்மைக் கொள்ளளவு கடந்தபின் வரும் படங்கள் முன்னைய படங்களின்மேல் எழுதப்படும். அல்லது எங்குமே எழுதப்படாது. மறுநாள் கணினியில் திறக்கும்போதுதான், காலையில் எடுத்த பொன்னுருக்கல் இருந்து தாலிகட்டு இல்லை என்பது தெரியவரும். அப்போது எந்த வல்லுநராலும் மீட்க இயலாது. இல்லாததை எங்கிருந்து மீட்பது?

அச்சின் தரத்தைப் பார்த்துப் போலியைக் கண்டறியலாம் என்பர். இப்போது அச்சும் நன்றாகவே நகல் செய்யப்படுவதால், அதனை முழுதும் நம்புவதற்கில்லை. ஒரே அட்டைக்கு நான்கு கடையில் ஏறக்குறைய ஒரே விலை கேட்க, ஐந்தாவது இடத்தில் பாதி விலைக்குக் கிடைக்குமானால் அங்கே சந்தேகம் எழவேண்டும். நிச்சயமான சோதனை ஒன்றே: அட்டையை முழுவதும் நிரப்பி, நிரப்பியதை மீண்டும் படித்து ஒப்பிடுவது. இதனைச் செய்ய ‘எச்-2-டெஸ்ட்-டபிள்யூ’ போன்ற இலவச நிரல்கள் உண்டு. 64 ஜிகாபைட் அட்டையை விநாடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் நிரப்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறையச் செல்லும்; படிக்க மேலும் சிறிது நேரம். பற்றுச்சீட்டின் மை உலருமுன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், அட்டையைத் திருப்பிக் கொடுக்க வாய்ப்புண்டு. பற்றுச்சீட்டுத் தராத இடத்தில் வாங்காதிருப்பது இதனாலேயே நல்லது. ஆனால் 32 ஜிகாபைட் அட்டை கணினியில் 29.8 என்று காட்டினால் கடைக்காரரோடு வழக்காட வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றார். கணினி 1024 ஆக எண்ணுகின்றது. அவ்வளவே.

எவ்வளவு பெரிய அட்டை வேண்டும்? 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு படம் சுமார் 10 மெகாபைட் என்று கொண்டால், 32 ஜிகாபைட்டில் 3,000 படங்களுக்கு மேல் அடங்கும். 36 படச் சுருளாகக் கணக்கிட்டால் 80 சுருளுக்கும் மேல். ஒரு கலியாணத்துக்கு 80 சுருள் பிலிம் வாங்கியவர் எவரும் இருந்திரார்! வீடியோவுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் கருவி ஒரு மணி நேரத்தில் 45 ஜிகாபைட்டை விழுங்கிவிடும். நின்ற படம் எடுப்பவர் பேராசைப்பட்டு ஒரே பெரிய அட்டையை வாங்குவதிலும், நம்பகமான சிறிய அட்டைகள் இரண்டு வாங்குவதே மேல். தாலிகட்டு முடிந்தவுடன் முதல் அட்டையைக் கழற்றி, அதன் பக்கத்திலுள்ள சிறு பூட்டைத் தள்ளிவிட்டு, மணமகளின் தாயாரிடமே கொடுத்துவைக்கலாம். எஞ்சிய நிகழ்ச்சியில் எது நேர்ந்தாலும் முகூர்த்தப் படம் பிழைத்துவிடும்.

உப்புக் காற்று வீசும் ஊரில் இன்னுமொரு கவனம் வேண்டும். அட்டையின் பொன்பூச்சுத் தொடுமுனைகளை ஈரக்கையாலோ வியர்வைக் கையாலோ தொடலாகாது. தோணியில் சென்று படமெடுப்பவரும், 2019 இல் கடல் சரணாலயமான காயாங்கேணிப் பவளப்பாறைப் பகுதியில் படமெடுப்பவரும் கரையேறிக் கை துடைத்த பின்னரே கமராவின் மூடியைத் திறக்கவேண்டும். சிறிய அட்டையைப் பெரிய உறையில் செருகிப் பயன்படுத்தினால், உப்புப் படிவதற்கு மேலும் ஒரு தொடுமுனை வரிசை சேர்கின்றது. தவறுதலாகப் படத்தை அழித்துவிட்டால், அடுத்து ஒரு படமும் எடுக்காமல் அட்டையைக் கழற்றிவிடவேண்டும். அழிந்தது பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்தான். மேலெழுதாதவரை படம் உள்ளே கிடக்கும்.

அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் படம் நூறாண்டு இருக்கும் என்று எண்ணவேண்டாம். சிறைவைத்த மின்னேற்றம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். அன்றிரவே கணினிக்கு மாற்றி, வன்தட்டு ஒன்றில் மேலும் ஒரு படி எடுத்து, அது திறப்பதைக் கண்ணால் கண்ட பின்னரே அட்டையைக் கமராவிலிட்டு வெறுமையாக்கவேண்டும். அந்த வன்தட்டும் மாங்கேணியில் அதே வீட்டிலேயே இருத்தல் ஆகாது. செங்கலடியிலே ஒரு மாமா இருந்தால், கலியாணச் சாப்பாட்டுக்கு வந்தவர் திரும்பும்போது அதனை அவருடைய பையில் வைத்து அனுப்பிவிடலாம்.