பழவேற்காட்டு அம்பாசிடரும் பிடித்துக்கொண்ட பிரேக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய தத்துவம் எதுவும் என் கையில் இல்லை. ஒரு பழைய கார், அதில் ஒரு சக்கரம், அதில் ஒரு கோளாறு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பழவேற்காடு உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. பறவை பார்க்கவும், டச்சுக்காரர் கல்லறை பார்க்கவும் போயிருப்பீர்கள். அங்குள்ள மீனவக் குப்பங்களில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலையாக 2009-ல் சில மாதங்கள் இருந்தேன்.

அங்கே நண்டு வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் அம்பாசிடர் கார் இருந்தது. இன்றைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: 1958 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. பகலில் நண்டும் இறாலும் ஏற்றிச் சென்னைக்குப் போகும். ராத்திரியில் குப்பத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கும் அதுவேதான் போகும். ஆகவே அந்த வண்டி நின்றால் ஒரு வீட்டுக் கஷ்டம் மட்டும் இல்லை.

கோளாறு இதுதான். "சார், காலைல நல்லாத்தான் இருக்குது. பாதி வழி போனா முன்னால இடது சக்கரம் புடிச்சுக்குது. அரை மணி நேரம் நிறுத்தி வச்சா தானா வுட்டுடுது" என்றார் பெரியவர். சக்கரத்தில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகுமாம்.

ஒரு ஒர்க் ஷாப்பில் பிரேக் ஷூ மாற்றினார்கள். பிறகு வீல் சிலிண்டர். பிறகு டிரம்மைக் கடைசல் பிடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, "சரியாயிடுச்சு" என்று கொடுத்தார்கள். பத்துக் கிலோமீட்டர் போன பிறகு வருகிற நோய் இரண்டு கிலோமீட்டரில் எப்படித் தெரியும்?

இது சும்மா தொந்தரவு அல்ல. பிடித்த பிரேக் சூடாகும். சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரி வரை இறங்கலாம். கொதித்து ஆவி உண்டானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அன்றைக்கு உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தால்?

நான் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை, யோசித்தேன். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துவாரம் அடைத்திருந்தால் நாலு சக்கரமும் பிடிக்க வேண்டும். பிடிப்பதோ ஒன்று. அப்படியானால் கோளாறு அந்தச் சக்கரத்தில் இருக்கலாம், அல்லது அதற்கு மட்டும் ஆயில் கொண்டுபோகும் வழியில் இருக்கலாம். சக்கரத்தில் எல்லாம் புதுசு. வழியை யாரும் பார்க்கவில்லை.

பொன்னேரி சாலையில் ஓட்டிப் போனோம். சக்கரம் பிடித்ததும், ஆற விடாமல் ஓரங்கட்டி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ஜாக்கி வைத்தோம். சக்கரம் அசையவில்லை. பிளீடர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தினேன். ஆயில் பீறிட்டது, சக்கரம் சுழன்றது. ஆகவே ஷூவோ பேரிங்கோ காரணம் அல்ல. உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நிப்பிளை மூடி, டிரைவர் தம்பியைப் பெடலை இரண்டு முறை மிதிக்கச் சொன்னேன். மறுபடி பிடித்தது. இப்போது ரப்பர் ஓசின் மேல் முனையில், இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தினேன். சக்கரம் விடவில்லை! மேலே வழி திறந்திருக்கிறது, கீழே அழுத்தம் நிற்கிறது. நடுவில் இருப்பது ஓஸ் ஒன்றுதான்.

ஓசைத் தடவிப் பார்த்தோம். டயரில் உரசாமலிருக்க எப்போதோ யாரோ அதற்கு ஓர் இரும்புக் கிளிப் போட்டிருந்தார்கள். நண்டுக் கூடையிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீரும் ஏரிக்காற்றும் சேர்ந்து அது துருப்பிடித்திருந்தது. துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். அது உப்பி, ரப்பரை நாலாபுறமும் நெரித்திருந்தது.

காலால் மிதிக்கும் விசை பெரியது; நெரிசலைத் தாண்டி ஆயிலைத் தள்ளிவிடும். திருப்பி அனுப்புவது ஷூவின் ஸ்பிரிங் மட்டும். அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. ரப்பர் குளிர்ந்திருக்கும்போது மெல்லத் திரும்பிவிடும். சூடேறி ரப்பர் உப்பினால் வழி அடைபடும். இதைச் சொன்னதும் பெரியவர், "நண்டுக் கூண்டு மாதிரின்னு சொல்லுங்க. உள்ள போவும், வெளிய வராது" என்றார். நான் பத்து நிமிஷம் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்!

இணைப்புகளை முறுக்கி, ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, மெதுவாக ஊர் திரும்பினோம். முன்னிரண்டு ஓசும் புதிது போட்டோம். பழைய ஆயில் முழுவதையும் மாற்றினோம். கூடைக்கு அடியில் தண்ணீர் சொட்டாமல் தகரத் தட்டு வைத்தோம். வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொன்னேன். பிறகு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பார்த்தோம். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, இடதும் வலதும் ஒரே சூடு என்று தெரிந்த பின்புதான் சாவியைக் கொடுத்தேன்.

மாணவச் செல்வங்களே, பாகத்தை மாற்றிப் பார்ப்பது வைத்தியம் ஆகாது. கோளாறு எப்போது வருகிறது என்று வண்டிக்காரரைக் கேளுங்கள். அவருக்குப் பாதி விடை தெரியும். அது இருக்கும்போதே சோதியுங்கள். ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்தைப் பாதியாக்க வேண்டும். நோய் தெரிந்த தூரம் வரை ஓட்டிப் பார்க்காமல் "சரியாயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் ஒரு குடும்பம் வண்டியில் ஏறுகிறது.