வாயை மட்டும் அசைத்தவன் கேட்ட கச்சேரி

டிசம்பர் வந்தாச்சு. சென்னையில இருக்கறவங்க சபா, கச்சேரி, கேன்டீன்னு சுத்திக்கிட்டு இருப்பீங்க. நான் இன்னைக்கு வேற ஒரு டிசம்பர் கச்சேரியைப் பத்திப் பேசப்போறேன். அதுல வயலின் இல்ல, மிருதங்கம் இல்ல, தம்புராகூட இல்ல. மொத்தம் 12 பேர். 12 குரல். அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ஏழாவது படிக்கும்போது ஸ்கூல் ஆண்டு விழாவுக்குச் சேர்ந்திசைக் குழுவில என்னையும் சேர்த்தாங்க. நாலாவது நாள் ரிகர்சல்ல டீச்சர் பாட்டை நிறுத்திட்டு நேரா என்கிட்ட வந்தாங்க. "தம்பி, உனக்குச் சுருதி சேரல. விழா அன்னைக்கு வாயை மட்டும் அசை, போதும்." அப்படியே செஞ்சேன். வெள்ளைச் சட்டை, முதல் வரிசை, முழுப் பாட்டுக்கும் வாயசைப்பு. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "உன் குரல் மட்டும் தனியாக் கேட்டுச்சுடா"ன்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் பாத்ரூம்லகூட நான் பாடினது கிடையாது.

இப்போ கச்சேரிக்கு வருவோம். கொஞ்ச வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா 3 மாசம் கலிஃபோர்னியாவில, சாண்டா கிளாராவில இருந்தேன். டிசம்பர்ல கூட வேலை பார்த்தவர் ஒருத்தர்கிட்ட ஒரு டிக்கெட் மிச்சம் இருந்துச்சு. "சான்டிக்ளியரோட கிறிஸ்துமஸ் கச்சேரி, வர்றியா?"ன்னு கேட்டார். தனியா ரூம்ல உட்கார்ந்து மேகி சாப்பிடறதுக்கு இது பரவாயில்லன்னு கிளம்பிட்டேன்.

சான்டிக்ளியர், சான் ஃபிரான்சிஸ்கோவில இருக்கற குழு. 1978ல லூயி போட்டோங்கறவர் ஆரம்பிச்சார். பழைய ஐரோப்பிய இசையைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருந்தவர் அவர். புத்தகத்துல இவ்வளவு படிக்கிறோமே, இதையெல்லாம் யாரும் பாடிக் கேட்க முடியலையேன்னுதான் ஒரு குழுவைச் சேர்த்தார். பெயர் சாசரோட கேன்டர்பரி கதைகள்ல வர்ற சேவலோட பெயர். அந்தக் குழுவில அடிக்குரல்ல இருந்து பெண்குரல் உயரம் வரைக்கும் எல்லாத்தையும் ஆண்களே பாடுவாங்கங்கறதுதான் அதோட அடையாளம். உச்சத்துல பாடறவங்களைக் கவுன்டர்டெனர்னு சொல்வாங்க.

வாத்தியம் இல்லாமப் பாடறதுக்கு அகபெல்லான்னு பேர். 'சேப்பல்ல பாடற மாதிரி'ன்னு அர்த்தம் வர்ற இத்தாலியச் சொல். நமக்கும் இது புதுசு இல்ல. 1993ல வந்த 'திருடா திருடா'வில ரஹ்மான் போட்ட 'ராசாத்தி' பாட்டைப் போட்டுக் கேளுங்க. ஷாகுல் ஹமீதோட குரல், பின்னாடி மத்த குரல்கள். அதுதான் விஷயம்.

கச்சேரி நடந்தது மிஷன் சாண்டா கிளாரா சர்ச்ல. 1777ல தொடங்கின மிஷன் அது. இப்போ யூனிவர்சிட்டி வளாகத்துக்குள்ள இருக்கு. விளக்கெல்லாம் அணைஞ்சுது. கையில மெழுகுவர்த்தியோட, ஒரே மெட்டை எல்லாரும் ஒண்ணாப் பாடிக்கிட்டே நடந்து வந்தாங்க. அதுவரைக்கும் என் காதுக்குப் பழகின இசைதான். முன்னாடி போய் நின்னதும் அந்த ஒரு மெட்டு நாலாப் பிரிஞ்சுது, அப்புறம் இன்னும் பல குரலாப் பிரிஞ்சுது. அப்பதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முன்னாடி நின்னு கையசைக்கக் கண்டக்டரும் இல்ல. பஸ் கண்டக்டரைச் சொல்லல! ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க, சேர்ந்து மூச்சு எடுக்கறாங்க, பாட்டு ஆரம்பிச்சிடுது. நான் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ்ல வேலை பார்க்கறவன். லீடரும் இல்லாம, பொதுவான கடிகாரமும் இல்லாம 12 நோடு ஒரே நேரத்துல ஓடுதுன்னா எனக்கு முதல்ல சந்தேகம்தான் வரும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படிச்சேன். நம்ம கச்சேரியில தம்புரா கடைசி வரைக்கும் கூடவே இருக்கும். பாடறவர் எங்கே போனாலும் திரும்பி வர ஸட்ஜம் அங்கேயே ஒலிச்சுக்கிட்டு இருக்கும். இவங்களுக்குப் பாட்டு ஆரம்பிக்கும்போது ஒரு ஸ்வரம் கொடுத்தா அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் பக்கத்துக் குரல்ல இருந்து எடுத்துக்கணும்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம், பயப்படாதீங்க. ஒருத்தர் 440 ஹெர்ட்ஸ்ல பாடறார். இன்னொருத்தர் அதுக்கு மேல காந்தாரம் பிடிக்கணும். 5-க்கு 4ங்கற விகிதத்துல, 550ல பிடிச்சா ரெண்டு குரலும் ஒட்டிக்கும். பியானோவில அதே ஸ்வரம் கிட்டத்தட்ட 554.4ல இருக்கும். பியானோ கட்டைகள் நகராது. குரல் நகரும். பக்கத்துல பாடறவரைக் கேட்டுக் கேட்டு 550க்கு வந்து உட்காரும்.

இதுல ஒரு பக் இருக்கு. மேற்கத்திய இசையில சாதாரணமா வர்ற ஒரு வழியைப் பாருங்க. 440ல கிளம்பி 5/6ஆல பெருக்குங்க, அப்புறம் 4/3, மறுபடி 4/3, கடைசியா 2/3. ஒவ்வொரு அடியும் சுத்தமான விகிதம். கிளம்பின இடத்துக்கே வரணும். ஆனா வர்ற விடை சுமார் 434.6! ஒருத்தர்கூடத் தப்பாப் பாடல. ஆனாலும் மொத்தக் குழுவும் கீழே இறங்கிடுச்சு. பெனடெட்டிங்கற இத்தாலியக் கணித அறிஞர் 16ஆம் நூற்றாண்டுலயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிட்டார்.

ஒவ்வொரு சர்வீஸும் டெஸ்ட் பாஸ் ஆகி, ரிலீஸ் மட்டும் ஃபெயில் ஆன ராத்திரி உங்களுக்கும் இருந்திருக்கும். அங்கே நாம யார் தப்புன்னு தேடுவோம். நல்ல பாடகர்கள் அந்தச் சின்ன வித்தியாசத்தை ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கு போட்டுக்கறாங்க. கிளம்பின ஸ்வரத்தை மனசுல வச்சுக்கிட்டு, இங்கே ஒரு துளி, அங்கே ஒரு துளி விட்டுக்கொடுக்கறாங்க. அதுக்கு முதல் நிபந்தனை, பக்கத்துல இருக்கறவர் குரல் காதுல விழணும். உன் குரல் அதை மூடிடக் கூடாது.

அன்னைக்குப் பாடினதுல என்னை ரொம்ப அசைச்சது ஃபிரான்ஸ் பீபலோட 'ஆவே மரியா'. மூணு பேர் ஒரு பக்கம், மத்தவங்க நாலு பிரிவா இன்னொரு பக்கம், மொத்தம் ஏழு குரல். சான்டிக்ளியர் வருஷா வருஷம் இதைப் பாடறதால, பல பேருக்கு இது இல்லாமக் கிறிஸ்துமஸ் இல்ல. இந்தப் பாட்டு யாருக்காக எழுதினது தெரியுமா? 1964ல ஜெர்மனியில, தீயணைப்பு வீரர்களோட சேர்ந்திசைக் குழுவுக்காக. பகல்ல தண்ணிக் குழாய் பிடிச்சவங்க சாயங்காலம் நின்னு பாட எழுதின பாட்டு. அதைக் கேட்டதும், ஏழாவது படிச்ச அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

ஊருக்கு வந்து ஒருநாள் கதவைச் சாத்திக்கிட்டு, போன்ல தம்புரா ஆப்பைப் போட்டேன். ஸ்கூல்ல பாடின மாதிரி கத்திப் பாடினேன், தம்புராவே கேட்கல. குரலைப் பாதியாக் குறைச்சேன். இப்போ ரெண்டுக்கும் நடுவுல ஒரு 'வவ்வவ்' அதிர்வு கேட்டுச்சு. கிட்டப் போகப்போக அது மெதுவாச்சு. ஒரு இடத்துல நின்னுபோச்சு. என் குரல் எங்கேன்னே தெரியல. மூணு செகண்டுதான் இருக்கும், அப்புறம் நழுவிடுச்சு. டீச்சர் சொன்னது பொய் இல்ல, எனக்குச் சுருதி சேரலதான். ஆனா நான் யாரையும் கேட்காமக் கத்திக்கிட்டு இருந்தேன்னு யாராவது அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். "அம்மா, அந்த ஆண்டு விழாவுல நான் பாடவே இல்ல."

அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே சொன்னாங்க: "தெரியும்டா. நீ பாடினா தெருவுக்கே கேட்கும். அன்னைக்குக் கேட்கல. நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே, அதான் அப்படிச் சொன்னேன்."

இந்த வாரம் நீங்க ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல இன்னொருத்தரை உட்கார வச்சு, ரெண்டு பேரும் ஒரே 'ஸா'வை மெதுவாப் பிடிச்சுப் பாருங்க. அந்த அதிர்வு நிக்கிற இடம் கிடைச்சா எனக்கு எழுதுங்க. நானும் அம்மாவும் முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கோம். இன்னும் நழுவுது.