களம் இல்லாத கிராமம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கிராம முன்னேற்றம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கிராமம்தான். தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில், இருநூறு தலைக்கட்டு உள்ள ஊர்.

நான் சிறுவனாக இருந்தபோது அங்கே தார் ரோடு இல்லை, பஸ் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. இன்று எல்லாம் உண்டு. வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு. அம்மா வீடியோவில் பேசும்போது பின்னால் மாடு கத்துவது எங்கள் ஆபீஸ் முழுக்கக் கேட்கும். குறை சொல்லக் கூடாது.

அப்போது இருந்து இப்போது இல்லாதது களம். ஆட்கள் அறுத்த கதிர் வயலிலேயே காயும். கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்கு வரும். அடித்து, தூற்றி, பதர் நீக்குவதற்குள் நெல் பாதி காய்ந்திருக்கும். கூலியையும் நெல்லாகவே அளப்பார்கள். இப்போது பெல்ட் வண்டி வருகிறது. பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்து, நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. பழைய அறுப்பு திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலையில் கூன் விழுந்த முதுகுகளைப் பார்த்தவன் நான். ஆனால் வண்டி கொட்டுவது ஈர நெல். களத்துமேட்டில் இன்று கட்டடங்கள். காய வைக்க ரோடுதான் இடம். தார் ரோடு போட்டதே இதற்குத்தான் என்பார் எங்கள் பெரியப்பா.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வரும். அடைமழையும் ஐப்பசியில்தான். 2012-இல் அணை திறந்ததே செப்டம்பர் 17. அந்த வருஷம் எங்களுக்குக் குறுவையே இல்லை. இந்தக் கல்லூரிக்கு நான் கட்டிய பீஸ், அப்பா மாடு விற்ற பணம். தண்ணீர் வராத வருஷம் அப்படி. நன்றாக வந்து, நன்றாக விளைந்த வருஷத்தின் கதையைக் கேளுங்கள்.

நெல் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சில மழைக்காலங்களில் மத்திய அரசு தளர்த்தியதும் உண்டு. எங்கள் நெல் 22 காட்டியது. தார்ப்பாய் போட்டு ரோட்டோரம் ஒன்பது நாள் கிடந்ததில் அடி மூட்டைகள் முளைத்துவிட்டன. அன்று இரவு அப்பா போன் செய்தார்.

"தம்பி, கம்பெனில நீ என்னமோ மெஷின் பண்றியே, அது என்ன செய்யும்?"

"மாத்திரைப் பொடிய காய வைக்கும்ப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது நெல்லக் காய வைக்காதா?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் வாய் வரவில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 40 கிலோ மூட்டையை 22-இலிருந்து 17-க்குக் கொண்டுவர, நீக்க வேண்டியது சுமார் 2.4 கிலோ தண்ணீர். நூறு மூட்டைக்கு 240 கிலோ. நூறு மூட்டை நெல்லில் உமி மட்டும் 800 கிலோ இருக்கும். நூற்றுச் சொச்சம் கிலோ எரித்தாலே இந்த ஈரம் போய்விடும். ஆனால் உமி கிடப்பது ரைஸ் மில்லில், நெல் கிடப்பது ரோட்டில். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் அரவையில் அரிசி நொறுங்கும். உலர்த்தும் இயந்திரம் உலகத்தில் இல்லாததல்ல. நெல் பதன ஆராய்ச்சிக்கென்று தொடங்கிய தேசிய நிறுவனமே தஞ்சாவூரில் இருக்கிறது. மூன்று ஏக்கர்க்காரர் வருஷத்தில் இருபது நாள் ஓட்ட இயந்திரம் வாங்குவாரா? டிராக்டரில் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓடினால்தான் கட்டும். பெல்ட் வண்டி அப்படித்தானே வருகிறது?

எடையும் விலையும் இன்னும் எனக்குச் சரிப்படவில்லை. தனியாக முடியாது என்று தெரிந்துதான் இங்கே வந்தேன். கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் மெக்கானிக்கல் பிளாக் வாசலில் இருப்பேன். இறுதியாண்டு புராஜெக்ட் இன்னும் முடிவாகாதவர்கள் வந்து பாருங்கள்.